அடர்தாடியும் சவரக் கருவியும்: பிளேடு, மின் ஷேவர்

அடர்தாடி என்பது முகமுடி நெருக்கமாகவும் தடிப்பாகவும் வளரும் இயல்பு. காலையில் மழித்த தாடை சாயங்காலத்துக்குள் கருமை தட்டும். புறங்கையால் தடவினால் சொரசொரக்கும். இந்த இயல்புள்ளவர்கள் மழித்துக்கொள்ள இன்று இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று தண்ணீரும் நுரையும் சேர்ந்த பிளேடு. மற்றது பெரும்பாலும் உலர்ந்த முகத்தில் ஓடும் மின் ஷேவர். தாடி அடர்த்தியாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட முடியாது. மழிக்கும்போது முடி எத்தனை நாள் வளர்ச்சி, கழுத்தில் அது எந்தப் பக்கம் படிந்திருக்கிறது, நேராக வளர்கிறதா சுருண்டு வளர்கிறதா என்பவை அடர்த்தியைவிட முக்கியமானவை.

தாடிமுடி பருவ வயதில் ஆண் ஹார்மோன்களின் தூண்டுதலால் முளைப்பது. டெஸ்டோஸ்டீரோனிலிருந்து உண்டாகும் டைஹைட்ரோடெஸ்டோஸ்டீரோன் மயிர்க்காலில் செயல்பட்டு, பூனைமுடியைத் தடித்த கறுத்த முடியாக மாற்றுகிறது. ஒருவருக்கு அடர்த்தியாகவும் இன்னொருவருக்கு அரிதாகவும் வளர்வதற்குப் பெரும்பாலும் பரம்பரையே காரணம். தாடிமுடி தலைமுடியைவிடத் தடிப்பானது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.3 முதல் 0.4 மி.மீ. வரை வளரும். அடிக்கடி மழித்தால் முடி தடித்து வளரும் என்ற நம்பிக்கை இன்றும் வீட்டுக்கு வீடு உண்டு. மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூற்றியலாளர் 1928-இல் வெளியிட்ட ஆய்வில், மழிப்பதால் முடியின் தடிமனோ நிறமோ வளரும் வேகமோ மாறுவதில்லை என்று காட்டினார். வெட்டாத முடியின் நுனி ஊசிபோல் மெலிந்திருக்கும். வெட்டிய முடிக்கு நுனி மொட்டை. அதனால்தான் திரும்ப முளைக்கும்போது கைக்கு முரடாகப் படுகிறது.

முடியின் கட்டுமானப் பொருள் கெரட்டின் என்ற புரதம். அதன் இழைகளைப் பிணைத்து வைத்திருப்பவற்றில் ஹைட்ரஜன் பிணைப்புகளும் உண்டு. தண்ணீர் இவற்றைத் தளர்த்திவிடும். இரண்டு மூன்று நிமிடம் வெந்நீரில் ஊறிய முடி சற்றே உப்பி மென்மையாகிறது; அதை வெட்டத் தேவைப்படும் விசை வெகுவாகக் குறைகிறது. தடித்த தாடிக்கு பிளேடைவிட இந்த ஊறலே முக்கியம் என்றாலும் தவறில்லை. குளித்து முடித்த கையோடு மழித்தால் வழுக்கிக்கொண்டு போகும் அதே பிளேடு, வறண்ட முகத்தில் அவசரமாக நுரை பூசி உடனே இழுத்தால் முடியைப் பிடுங்கும். சோப்பு முகத்து எண்ணெய்ப் பசையைக் கழுவித் தண்ணீர் உள்ளே போக வழிவிடுகிறது. நுரை அந்த ஈரம் காயாமல் பிடித்து வைத்து, பிளேடு வழுக்கவும் உதவுகிறது. ஆகவே நுரையைத் தடவியதும் ஒரு நிமிடம் விட்டுவைப்பது வீண் காத்திருப்பு அல்ல.

மின் ஷேவருக்கு வேண்டியது நேர் எதிர். அதன் துளைக்குள் நுழைய முடி விறைத்து நிற்க வேண்டும். ஊறித் துவண்ட முடி தோலோடு படிந்து நழுவிவிடும். தோலில் ஈரமோ வியர்வையோ இருந்தால் ஷேவரின் தகடு இழுபடும். சென்னை போன்ற புழுக்கமான ஊர்களில் மின்விசிறிக்கு அடியில் முகத்தை நன்றாக உலர்த்திக்கொண்டோ, லேசாக டால்கம் பவுடர் தடவிக்கொண்டோ ஷேவரைப் பிடிப்பவர்கள் காரணம் இல்லாமல் அப்படிச் செய்வதில்லை. நுரையோடும் இயங்கும் ஷேவர்கள் இப்போது கிடைக்கின்றன. அவை தோலுக்கு இதமாக இருக்கும். ஆனால் அடர்தாடியில் உலர் சவரம் தரும் நெருக்கத்தை எல்லோருக்கும் தருவதில்லை.

மாற்றிக்கொள்ளும் பிளேடுள்ள சேஃப்டி ரேசரை வணிகப் பொருளாக்கியவர் அமெரிக்கரான கிங் கேம்ப் ஜில்லெட். 1903-இல் விற்பனை தொடங்கிய ஆண்டில் போனது 51 ரேசர்களும் 168 பிளேடுகளும்தான். காப்புரிமை 1904-இல் கிடைத்தது. துருப்பிடிக்காத எஃகு பிளேடு 1962-இல் வில்கின்சன் ஸ்வோர்டு நிறுவனத்தால் பரவலானது. அதற்கு முந்தைய கார்பன் எஃகு பிளேடுகள் சில சவரங்களிலேயே மழுங்கிவிடும். இரண்டு பக்கமும் கூரான இன்றைய பிளேடின் தடிமன் 0.1 மி.மீ. அதன் வாயில் குரோமியம் போன்ற உலோகப் படலமும் அதன்மேல் டெஃப்லான் வகைப் பூச்சும் இருக்கும்.

எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையான முடி, எஃகு பிளேடை எப்படிக் கெடுக்கிறது என்பதற்கு 2020-இல்தான் தெளிவான விளக்கம் கிடைத்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜான்லூகா ரொஷோலி என்ற ஆய்வாளர் தன் தாடியையே மழித்து, ஒவ்வொரு சவரத்துக்கும் பிறகு பிளேடை எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். வாய் தேய்ந்து உருண்டிருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில், அங்கங்கே துணுக்குத் துணுக்காக எஃகு பெயர்ந்திருந்தது. எஃகின் உள்ளமைப்பு எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. முடி வளைந்து சாய்வாக வந்து, அமைப்பு மாறும் அந்த எல்லையில் மோதும்போது, அங்கே ஒரு சில்லு உடைகிறது. இந்த ஆய்வு சயின்ஸ் இதழில் வெளியானது. அடர்தாடிக்காரரின் பிளேடு ஒவ்வொரு சவரத்திலும் கூடுதலான, தடித்த முடிகளைச் சந்திக்கிறது. மற்றவருக்கு ஒரு வாரம் வரும் பிளேடு அவருக்கு மூன்று நாளில் இழுக்கத் தொடங்குவது இயல்பே. இழுக்கத் தொடங்கிய பிளேடை அழுத்திப் பிடித்து ஓட்டுவதுதான் பெரும்பாலான வெட்டுக்காயங்களுக்கும் எரிச்சலுக்கும் மூலம்.

ஒரே தலையில் இரட்டை பிளேடு 1971-இல் ஜில்லெட்டின் டிராக் 2 ரேசரோடு வந்தது. மூன்று 1998-இலும் ஐந்து 2006-இலும் வந்தன. முதல் பிளேடு முடியைச் சற்று வெளியே இழுத்து வெட்டும். அது பழைய இடத்துக்குத் திரும்புமுன் அடுத்த பிளேடு மீண்டும் ஒரு துண்டை நறுக்கும். முடிவில் முடியின் நுனி தோல்மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடும். தடவிப் பார்த்தால் வழவழப்பாக இருப்பது இதனால்தான். பின்னால் சொல்லப்போகும் தோல் தொந்தரவுக்கு இதுவே ஒரு வாசலும் ஆகிறது. இன்னொரு குறையும் உண்டு. பிளேடுகளுக்கு நடுவே உள்ள இடுக்கு குறுகலானது. மூன்று நாள் வளர்ந்த அடர்தாடியில் இரண்டு இழுப்புக்குள் முடியும் நுரையும் அதில் அடைத்துக்கொள்ளும். குழாயடியில் எவ்வளவு தட்டினாலும் முழுக்கப் போகாது. ஒற்றை பிளேடு ரேசர் திறந்த வாயுடையது. ஒரு அலசலில் சுத்தமாகிவிடும். தடித்த நேர்முடி உள்ளவருக்கு விலையிலும் வேலையிலும் அதுவே பொருத்தம்.

இதைத் தமிழ்நாட்டுச் சலூன்களில் கண்ணெதிரே பார்க்கலாம். முடிதிருத்துபவர் புது பிளேடை அதன் காகித உறையோடு மடக்கி நடுவில் ஒடிக்கிறார். ஒரு பாதியைக் கத்தியின் பிடிக்குள் செருகுகிறார். பிரஷ்ஷால் நுரையைச் சுழற்றிச் சுழற்றிப் பூசி, இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, காதோரத்திலிருந்து கீழ்நோக்கி முடி படிந்த திசையிலேயே சிறு சிறு இழுப்பாக வருகிறார். பிறகு மீண்டும் தண்ணீர் தெளித்து, நுரை பூசி, இரண்டாம் முறை. கடைசியில் ஈரப் படிகாரக் கட்டி. ஒரே இழுப்பில் எல்லாவற்றையும் எடுக்க முயலாமல் முடியைப் படிப்படியாகக் குறைப்பதே இந்த முறையின் சாரம். வீட்டில் மழிப்பவருக்கும் இது பொருந்தும். வாடிக்கையாளரின் கண்முன்னே புது பிளேடு ஒடிக்கப்படுவதும் முக்கியம். ஹெபடைடிஸ் பி போன்ற ரத்தம் வழிப் பரவும் தொற்றுகள், ஒருவருக்குப் பயன்படுத்திய பிளேடின் வழியே மற்றவருக்குப் போகக்கூடியவை.

மின் ஷேவரின் காப்புரிமையை 1930-இல் பெற்றவர் அமெரிக்க ராணுவ அதிகாரியாக இருந்த ஜேக்கப் ஷிக். அவருடைய கருவி 1931-இல் 25 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. இன்று நிலைத்திருக்கும் இரண்டு வகைகள் அதன் பிறகு ஐரோப்பாவில் உருவானவை. நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஹோரோவிட்ஸ் வடிவமைத்த சுழல் ஷேவர் 1939-இல் வெளிவந்தது. தொடக்கத்தில் ஒரே ஒரு தலைதான். ஜெர்மனியின் பிரவுன் நிறுவனம் 1950-இல் ஃபாயில் வகையைக் கொண்டுவந்தது. சுழல் வகையில் வட்டத் தகட்டின் பிளவுகளுக்குள் நுழையும் முடியை அடியில் சுற்றும் கத்திகள் வெட்டும். ஃபாயில் வகையில் துளைகள் நிறைந்த மெல்லிய தகட்டுக்கு அடியில் வெட்டுப்பட்டை இடமும் வலமுமாக அதிவேகமாக ஆடும். லீனியர் மோட்டார் உள்ள சில கருவிகளில் நிமிடத்துக்கு 14,000 முறை. அந்தத் தகட்டின் தடிமன் ஏறத்தாழ 0.05 மி.மீ. தோலுக்கும் வெட்டுவாய்க்கும் நடுவில் அது எப்போதும் இருக்கும். ஷேவர் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் பிளேடின் நெருக்கத்தை எட்டாததற்கு இதுவே காரணம். தோலை வெட்டாமல் காப்பதும் அதே தகடுதான்.

அடர்தாடியில் இந்த வேறுபாடு நேரக்கணக்காக வெளிப்படும். நாளுக்கு 0.3 மி.மீ. வளரும் தாடையில், ஷேவரால் மழித்தால் பிளேடைவிடச் சில மணி நேரம் முன்னதாகவே கருமை தெரியத் தொடங்கும். வெளுத்த தோலில் கறுத்த முடி என்றால், மழித்த உடனேயே தோலுக்கு அடியிலிருக்கும் முடி நிழலாகத் தெரியும். அதை எந்தக் கருவியும் போக்காது.

ஷேவரை விரும்பும் அடர்தாடிக்காரர் தவறவிடக் கூடாதது தினசரி ஒழுங்கு. ஒரு நாள் முடி துளைக்குள் எளிதாக நுழையும். மூன்று நாள் முடி படுத்துவிடும். தகடு அதன்மேல் சறுக்கும். திரும்பத் திரும்பத் தேய்த்ததில் தகடு சூடாகித் தோல் சிவக்கும். அப்படி விட்டுவிட்ட நாளில் முதலில் ட்ரிம்மரால் ஒட்டக் கத்தரித்துவிட்டு ஷேவரை எடுப்பதே சரி. பிளேடு பயன்படுத்துபவருக்கும் இந்த முன்வேலை உதவும். நேராக வளரும் அடர்ந்த முடியைத் தினமும் மழிப்பவருக்கு ஃபாயில் வகை நெருக்கமான சவரம் தரும். கழுத்தில் முடி பல திசையில் சுழித்து வளர்பவருக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் மழிப்பவருக்கும் சுழல் வகை பொதுவாகக் கைகொடுக்கும். இரண்டிலும் மோட்டாரின் வலு முக்கியம். வலுக்குறைந்த மோட்டார் அடர்ந்த இடத்தில் வேகம் இழந்து முடியைக் கவ்விப் பிடிக்கும். தகடும் வெட்டுப்பட்டையும் தேய்பவை. ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றாமல், ஷேவர் பழையபடி வெட்டவில்லை என்று குறைப்படுவதில் பொருளில்லை.

சுருள்முடி உள்ளவருக்குக் கணக்கே வேறு. தோல்மட்டத்துக்குக் கீழே சாய்வாக நறுக்கப்பட்ட சுருள்முடி, வளரும்போது வெளியே வராமல் மயிர்க்காலின் சுவரைத் துளைக்கலாம். வெளியே வந்தபின் வளைந்து மீண்டும் தோலுக்குள் குத்தலாம். உடல் அதை அந்நியப் பொருளாக எண்ணி எதிர்க்க, கழுத்திலும் தாடைக்கு அடியிலும் சிவந்த கொப்புளங்கள் எழும்; நாளடைவில் கருந்தழும்பு படியும். ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் இது மிகுதி. தினமும் மழிக்கக் கட்டாயமுள்ள அமெரிக்க ராணுவத்தில், இதனால் அவதிப்பட்ட கறுப்பின வீரர்கள் மருத்துவச் சான்றின்பேரில் தாடி விட அனுமதி பெற்றுவந்தார்கள். சுருண்ட அடர்தாடி உள்ள தமிழர்களுக்கும் இது வருவதுண்டு. பருக்கள் என்று நினைத்து இன்னும் ஒட்ட மழித்துத் துன்பத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். இவர்களுக்கு நெருக்கமான சவரம் ஒரு தகுதி அல்ல, அதுவே நோய்க்காரணம். ஒரு மி.மீ. அளவுக்கு முடியை விட்டுவைக்கும் ட்ரிம்மரே முதல் தேர்வு. ஒட்ட மழித்தே ஆகவேண்டுமானால், அழுத்தாமல் பிடித்த ஷேவரோ, தோலை இழுக்காமல் ஒரே திசையில் ஓட்டிய ஒற்றை பிளேடோ பல பிளேடு கார்ட்ரிட்ஜைவிட மேல்.

பிளேடு ஒவ்வொரு முறையும் தோலின் மேல்படலத்தையும் சிறிது சுரண்டுகிறது. கண்ணுக்குத் தெரியாத கீறல்களை விடுகிறது. அறுவைச் சிகிச்சைக்கு முன் முடியை பிளேடால் மழிக்கக் கூடாது, கட்டாயம் நீக்கவேண்டுமென்றால் கிளிப்பரால் மட்டும் கத்தரிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மருந்து உட்கொள்பவர்களுக்கும், ரத்தப்போக்குக் கோளாறு உள்ளவர்களுக்கும் மருத்துவர்கள் மின் ஷேவரைப் பரிந்துரைப்பதற்கும் இதுவே காரணம். கை நடுங்கும் முதியவருக்கு வீட்டில் உள்ளவர் மழித்துவிடுவதாக இருந்தாலும் ஷேவரே பாதுகாப்பானது.

செலவு மூன்று விதமாக நடக்கிறது. ஒற்றை பிளேடு ரேசருக்கு முதல் செலவும் தொடர் செலவும் குறைவு. கார்ட்ரிட்ஜுக்குக் கைப்பிடி மலிவு. தலை விலை அதிகம். அடர்தாடிக்கு அது சீக்கிரம் தீரும். ஷேவருக்குத் தொடக்கத்தில் பெருந்தொகை, பிறகு அவ்வப்போது தகடும் வெட்டுப்பட்டையும், சில ஆண்டுகளில் பேட்டரியும்.

ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுபவர் மூன்று நான்கு வாரம் பொறுக்க வேண்டும். பிளேடுக்குப் பழகிய தோல் ஷேவரின் தேய்ப்பில் முதல் வாரம் எரியும்; கைக்கும் கோணம் பிடிபடாது. அந்த நாட்களில் கழுத்தை அறிந்துகொள்வது பயன் தரும். இரண்டு நாள் முடியோடு விரல் நுனியைக் கழுத்தின் நான்கு பக்கமும் ஓட்டினால், வழுக்கும் திசையும் முள்ளாய்க் குத்தும் திசையும் தெரியும். குரல்வளைக்கு இருபுறமும் அவை பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. வழுக்கும் திசையில் முதலில் பிளேடை ஓட்டுவது முறை. ஷேவரைக் குத்தும் திசையில், தோலை இழுத்துப் பிடித்து நகர்த்துவது முறை.

பிளேடை ஒவ்வொரு முறையும் அலசி, துடைக்காமல் உதறி உலரவிட வேண்டும். துணியால் துடைத்தால் வாய் கெடும். தீர்ந்த பிளேடுகளைக் குப்பையில் அப்படியே போட்டால் தூய்மைப் பணியாளரின் கையை அறுக்கும். மூடியில் கீறல் போட்ட ஒரு தகரடப்பாவில் அவற்றைச் சேர்த்து, நிறைந்ததும் அடைத்துத் தனியாகக் கொடுக்க வேண்டும். லித்தியம் பேட்டரி உள்ள பழைய ஷேவர் மின்னணுக் கழிவில் சேர வேண்டியது.