சேதுக்கரைப் படங்களின் சாயல்

சேதுபதிகள் 18ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ராமேசுவரம் மூன்றாம் பிரகாரத்தைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்த பழங்காலத்தாருக்கு வெளிச்சம் போதுமா என்பதொன்றே விசாரமாயிருந்தது. வர்ணச் சுருள் பிரசித்தமான பின்னரோ, பகல் வெளிச்சத்துக்கென்றே தயாரான அச்சுருள் குண்டுபல்பின் கீழ் மஞ்சளையும் குழல்விளக்கின் கீழ் பச்சையையும் பூசிவிட, அக்கினி தீர்த்தத்தில் நீராடிச் சத்திரத்துக் கூடத்தில் ஈர வேஷ்டியோடு நின்ற யாத்திரிகர் படத்தில் காமாலை கண்டவராய்த் தோன்றினார். லென்ஸின் முன் திருகும் வர்ண வடிகட்டியே அதற்குப் பரிகாரம்; அதை வாங்கியவர் சிலரே. அப்படங்களிற் பலவும் நாளடைவில் நீலச்சாயம் வெளிறிச் செம்மை படர்ந்துபோனது வேறு கதை.

இன்றைய கைப்பேசி வெண்மையைத் தானே கணித்துச் சாயலைக் களைகிறது. ஆனால், 1964 புயலில் சிதைந்த தனுஷ்கோடி தேவாலயச் சுவர்மேல் விழும் அந்திப் பொன்னொளியையும் பிழையென்றெண்ணி அது வெளுத்துவிடுவதால், ‘பகல் வெளிச்சம்’ என்ற குறியை நாமே தொட்டு நிறுத்தவேண்டியிருக்கிறது.