புறக்கடை மரவள்ளியும் பினாங்கின் பசிக்காலமும்



1941 டிசம்பர் 19இல் ஜப்பானியர் பினாங்கைக் கைப்பற்றினர். அதுவரை மலாயா தன் அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்தே வரவழைத்தது. அவ்வரத்துக் குன்றவே ஜார்ஜ் டவுன் புறக்கடைகளில் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் முளைத்தன. மரவள்ளி வயிற்றை நிரப்பும். புரதச் சத்தோ மிகக் குறைவு. ஆகவே வீட்டுக் கோழியிட்ட ஒரு முட்டையும் பெருஞ்செல்வமாயிற்று. (சேவல் கூவினால் அண்டை வீட்டார் முகஞ்சுளிப்பது இக்கால வழக்கம்!)

பின்னர் 1974இல் பிரதமர் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடக்கி, வீட்டு நிலத்தில் காய்கறி பயிரிட மக்களைத் தூண்டினார்.

நம் வரலாற்றுப் பாடத்தில் படைத்தலைவர்களுக்குக் கிடைக்கும் இடம் மரவள்ளிக்குக் கிடைப்பதில்லை என்பது என் கருத்து. மாணவர்களைக் கொள்ளுப்பாட்டியிடம் கேட்டு எழுதிவரச் செய்யலாம். அப்பசியை நினைவில் வைத்திருப்போர் இன்று தொண்ணூறு வயதை நெருங்கிவிட்டனர்.