ஏற்பியைத் தேடிய வரலாறு

ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மை ஹார்மோன் உடலில் எங்ஙனம் வேலை செய்கிறது? 1923இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஆலன், டாய்சி இருவரும் சூலகத்து நீரில் இப்படியொரு பொருள் உண்டென்று காட்டினர். 1929இல் டாய்சி அதனைத் தூய படிகமாகவே பிரித்தெடுத்தார். ஆயினும் அது செயற்படும் வகை நெடுநாள் விளங்கவில்லை. நொதிகளோடு சேர்ந்து, தானும் வேதிமாற்றத்திற்கு உட்பட்டே அது வேலை செய்கிறது என்று 1950ஆம் ஆண்டுகளில் அறிஞர் பலர் கருதினர்.

அக்கருத்தை அசைத்தவர் சிக்காகோ பல்கலைக் கழகத்து எல்வுட் ஜென்சன் ஆவார். அவரும் ஜேக்கப்சனும் கதிரியக்கமுள்ள ஹைட்ரஜனாகிய டிரிட்டியத்தை ஈஸ்ட்ரடயோலில் ஏற்றி, பருவமெய்தாத பெண் எலிகளுக்குச் செலுத்தினர். இரத்தத்திலும் தசையிலும் சேர்ந்த ஹார்மோன் விரைவில் நீங்கிவிட்டது. கருப்பை மட்டும் அதனை இறுகப் பற்றி மணிக்கணக்கில் வைத்திருந்தது. பற்றியதை எடுத்துச் சோதித்தால், அது சிறிதும் மாறாத ஈஸ்ட்ரடயோலே! ஆகவே ஹார்மோனை மாற்றுவதன்று, ஏற்பதே கருப்பையின் வேலை என்பது புலனாயிற்று. அங்ஙனம் ஏற்கும் புரதத்தையே ஏற்பி என்கிறோம். 1958இல் வியன்னா மாநாட்டில் இதனை எடுத்துரைத்தபோது கேட்க இருந்தவர் ஐவர் என்றும், அவருள் மூவர் அடுத்துப் பேச வேண்டியவர்கள் என்றும் ஜென்சனே பிற்காலத்தில் சொல்வதுண்டு.

பற்றுவதால்தான் கருப்பை வளர்கிறது என்பதற்குச் சான்று என்ன? இங்கேதான் தடுப்பிகள் ஆராய்ச்சிக் கூடத்துக்குக் கைகொடுத்தன. அவற்றைக் கொடுத்த எலிகளில் ஹார்மோனைப் பற்றும் அளவு குறைந்தது. வளர்ச்சியும் அதற்கேற்பக் குறைந்தது.

தடுப்பிகளுள் பெரும்புகழ் பெற்றது, இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் அம்மையார் 1962இல் ஆக்கிய 46474 என்னும் எண்ணுடைய பொருள். கருத்தடைக்கென்றே அது தேடப்பட்டது, எலிகளில் பலித்தது. பெண்களிடமோ சினைமுட்டை வெளிப்படுவதைத் தூண்டியது! கருத்தடைக்கு உதவாத அதனை மான்செஸ்டர் கிறிஸ்டி மருத்துவமனையில் மார்பகப் புற்றுநோயாளருக்குக் கொடுத்து, மேரி கோல் குழுவினர் 1971இல் நற்பயனை வெளியிட்டனர். அதுவே டமாக்சிஃபென். மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் இதே மருந்து, எலும்பில் ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடந்து அதனைக் காக்கிறது. கருப்பையின் உட்படலத்தைத் தூண்டி அங்கே புற்று வரும் வாய்ப்பையும் கூட்டுகிறது. உயிர் காக்கும் மருந்தை உண்ணும் பெண்ணுக்கு இது சிறிய செய்தியன்று.

1996இல் மற்றொரு திருப்பம். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கைப்பர், குஸ்தாஃப்சன் குழுவினர் எலியின் புராஸ்டேட் சுரப்பியில் இரண்டாவது ஏற்பியைக் கண்டனர். பழையது ஆல்ஃபா, புதியது பீட்டா எனப் பெயர் பெற்றன. ஈஸ்ட்ரடயோல் இரண்டையும் பற்றுவதால், அதுவரை கண்ட விளைவுகளில் எது எதன் வேலை என்ற ஐயம் எழுந்தது. ஒன்றை மட்டும் தூண்டும் பொருள்கள் தேவைப்பட்டன. இல்லினாய் பல்கலைக் கழகத்துக் காட்சநெல்லன்போகன் குழுவினர் ஆல்ஃபாவுக்குப் பி.பி.டி. என்பதை 2000இலும், பீட்டாவுக்கு டி.பி.என். என்பதை 2001இலும் வெளியிட்டனர்.

இவற்றைத் 'தேர்ந்து பற்றுவன' என்று மொழிபெயர்ப்பது வழக்கம். அச்சொல் சிறிது மயக்குகிறது என்பது என் கருத்து. பி.பி.டி.க்கு ஆல்ஃபாவின் மேலுள்ள நாட்டம் ஏறத்தாழ 400 மடங்கு, டி.பி.என்.னுக்குப் பீட்டாவின் மேல் 70 மடங்கே. கண்ணாடிக் குடுவையில் அளவை மிகுத்துவிட்டால் மற்ற ஏற்பியையும் அது பற்றிக்கொள்ளும். 'நாட்டமுள்ளவை' என்றால் உண்மைக்கு நெருங்கி நிற்கும்.

'தூய தடுப்பி' என்று பெயரெடுத்த ஃபுல்வெஸ்டிரன்டும் இதற்கு விலக்கன்று. ஆல்ஃபா, பீட்டா இரண்டையும் அது அடக்கும், ஆனால் ஜி.பி.இ.ஆர். என்னும் வேறோர் ஏற்பியைத் தூண்டுகிறது என்று 2005ஆம் ஆண்டையொட்டி வந்த ஆய்வுகள் காட்டின. இக்காரணம் பற்றியே, மருந்தால் கண்ட முடிவை, அந்தந்த ஏற்பியின் மரபணு நீக்கப்பட்ட எலிகளிலும் ஒருமுறை செய்து ஒப்பிடுகின்றனர்.