அரண்மனை இல்லாத அரண்மனைக்காரத் தெரு

இரண்டு நாள் விடுமுறை கிடைத்தால் சென்னையில் இருக்கும் கணவனும் மனைவியும் மகாபலிபுரத்திற்கோ ஏலகிரிக்கோ கிளம்பி விடுகிறார்கள். பாரிமுனைக்குப் போவது பாத்திரமும் பட்டாசும் மொத்த விலையில் வாங்கத்தான். ஆனால் அந்த நெரிசலுக்குள் உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்தவர்களின் வரலாறு புதைந்து கிடக்கிறது.

1639ல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே நிலம் பெற்றது. கோட்டைக்கு வெளியே வடக்கில் வளர்ந்த ஊரை ஆங்கிலேயர் 'கறுப்பர் நகரம்' என்றனர். 1746ல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அதன் ஒரு பகுதியை இடித்தனர். 1749ல் ஊரைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர், எதிரி மறைந்து நின்று சுடாதபடி மீதியையும் இடித்து வெட்டவெளியாக்கினர். இன்று உயர் நீதிமன்றம் இருக்கும் இடத்திலிருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அப்போது போயிற்று. பின்னர் பூக்கடைப் பகுதியில் அது மீண்டும் எழுந்தது. மக்கள் வடக்கே தள்ளிப்போய்க் கட்டிய புதிய ஊருக்குத்தான் 1911ல் 'ஜார்ஜ் டவுன்' என்று பெயர் சூட்டினார்கள்.

இங்குள்ள அரண்மனைக்காரத் தெருவில் எந்த அரண்மனையும் இருந்ததில்லை. அது ஆர்மீனியர் தெரு. 'ஆர்மீனியக்காரன்' என்ற சொல்தான் மக்கள் வாயில் 'அரண்மனைக்காரன்' ஆகிவிட்டது! பட்டும் நவரத்தினமும் விற்க வந்த இவர்களில் பெட்ரஸ் உஸ்கான் என்பவர் 1726ல் அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் பாலம் கட்டினார். பரங்கிமலைக்குப் படிகள் அமைத்தவரும் அவரே. உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794ல் வெளிவந்தது ஆர்மீனியாவில் அல்ல, சென்னையில்! அதை நடத்திய பாதிரியார் ஷமாவோனியனின் கல்லறை, 1772ல் கட்டப்பட்ட ஆர்மீனிய ஆலய வளாகத்திலேயே உள்ளது. அதே தெருவில் கச்சாலீசுவரர் கோயிலும், புனித மரியன்னை இணைப் பேராலயமும் உண்டு.

அருகிலுள்ள பவழக்காரத் தெரு, மத்தியதரைக் கடல் பவழத்தைக் கொடுத்து கோல்கொண்டா வைரம் வாங்கிய யூத வணிகர்களை நினைவூட்டுகிறது. தங்கசாலைத் தெருவுக்குப் போனால் குஜராத்தியும் மார்வாடியும் காதில் விழும். கடற்கரை ரயில் நிலையத்தின் பக்கம் பர்மா பஜார். 1962 ராணுவ ஆட்சிக்குப் பின் பர்மாவில் எல்லாவற்றையும் இழந்து திரும்பிய தமிழர்கள் அங்கே கடை போட்டனர். அவர்கள் கொண்டுவந்த அத்தோவும் அங்கேயே கிடைக்கிறது.

ஆர்மீனியர் சமூகம் என்று சொல்ல இன்று சென்னையில் யாரும் இல்லை. ஆலயத்தைக் கல்கத்தா ஆர்மீனியர்கள் பராமரிக்கிறார்கள். வணிகம் போனதும் வணிகர்களும் போனார்கள். எஞ்சியிருப்பவை ஒரு மணிக்கூண்டும், கல்லறைகளும், உருமாறிய ஒரு தெருப்பெயரும்தான். பெயரின் பொருளும் மறந்துபோனால், இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஊரோடு கலந்து வாழ்ந்தவர்கள் இரண்டாம் முறையும் காணாமல் போவார்கள்.

அடுத்த விடுமுறையில் மலையேறும் முன் தம்பதியர் இத்தெருக்களில் ஒரு காலைப்பொழுது நடக்கலாம். பேருந்துக் கட்டணம்தான் செலவு.