தோழிப்பெண்ணின் உடையும் அதற்கான செலவும்

மேற்கத்தியத் திருமணங்களில் மலர்ச்செண்டு ஏந்தி மணமகளுடன் தேவாலயத்துக்குள் நடந்துவரும் பெண்களை, தமிழ்க் கிறித்தவக் குடும்பங்கள் தோழிப்பெண்கள் என்று அழைக்கின்றன. தீய ஆவிகளைக் குழப்புவதற்காகவே இவர்கள் மணமகளைப் போல உடுத்தத் தொடங்கினார்கள் என்னும் கதை பல நூல்களில் திரும்பத் திரும்ப வந்தாலும், அதற்கு ஆதாரம் மிகக் குறைவு. ஆதாரங்களோடு கிடைக்கும் வரலாறோ ஆவிகளைப் பற்றியதன்று. தகுதியையும் செலவையும் பற்றியது. 2011இல் வெளிவந்த 'பிரைட்ஸ்மெய்ட்ஸ்' என்னும் அமெரிக்க நகைச்சுவைப் படத்தின் சிரிப்புக்கு அடியில் இருப்பதும் அந்த வரலாறுதான்.

பண்டைய ரோமில் மணமக்களின் வலக்கைகளைச் சேர்த்துவைத்த 'புரோநூபா' என்பவள் மணமகளின் தோழி அல்லள். ஒரே கணவனுடன் வாழ்ந்த மூத்த சுமங்கலி. ஒத்த வயதுப் பெண்கள் வரிசையாக நிற்கும் இன்றைய காட்சிக்குப் பெரும் செல்வாக்கு உண்டாக்கியது, 1840 பிப்ரவரி 10 அன்று லண்டனில் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனைத் தேவாலயத்தில் நடந்த விக்டோரியா அரசியின் திருமணம். பிரபுக் குடும்பங்களைச் சேர்ந்த 12 பெண்கள் வெள்ளை உடையில் ரோஜாக்களைச் சூடி, அரசியின் ஆடைக்குப் பின்னால் தரையில் நீளும் தொங்கலைத் தாங்கி வந்தார்கள். அத்தனை பேருக்கும் அந்தத் தொங்கல் நீளம் போதாமல், ஒருவர் உடையை ஒருவர் மிதித்துவிடாதபடி அவர்கள் குறுகிய அடிகளாக எடுத்துவைத்துத் தடுமாற நேர்ந்தது. அவர்கள் ஒவ்வொருவருக்கும் அரசி ஒரு கழுகு வடிவ உடையூசியைப் பரிசளித்தார். உடல் முழுதும் நீலப்பச்சை டர்க்காய்ஸ் கற்களும், கண்ணில் மாணிக்கமும், அலகில் வைரமும், நகங்களின் பிடியில் முத்துக்களும் கொண்ட அந்த நகை, தோழிப்பெண்ணாக நிற்பது ஒரு தகுதி என்பதைக் கண்ணுக்குத் தெரியும்படி அறிவித்தது. அந்தத் தகுதி பிறப்பால் வந்தது. அரசியோடு அவர்களுக்கு நட்பு இருந்ததா என்பது அங்கே கேள்வியாகவே எழவில்லை.

அமெரிக்காவில் நடுத்தரக் குடும்பங்கள் இந்த அரச வரிசையைத் தமதாக்கிக்கொண்டபோது, பிறப்பின் இடத்தில் நட்பு வந்து அமர்ந்தது. செலவின் சுமையும் கைமாறியது. எமிலி போஸ்ட் 1922இல் வெளியிட்ட புகழ்பெற்ற நாகரிகக் கையேடு இதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது: தோழிப்பெண்களின் உடை, காலணி, காலுறை, கையுறை, தொப்பி எல்லாவற்றையும் அவர்களுடைய விருப்பத்தைக் கேட்காமலேயே மணமகள் தேர்ந்தெடுப்பாள், ஆனால் ஏறத்தாழ அத்தனைக்கும் பணம் கொடுக்க வேண்டியவர்கள் அணிபவர்களே. நடுத்தர வசதியுள்ள பெற்றோர்களால் இந்தச் செலவைத் தாங்க முடியாததால் பல இளம்பெண்கள் தோழிகளின் திருமண வரிசையில் நிற்கும் மகிழ்ச்சியையே துறக்க நேர்ந்தது என்றும், திருமணப் பகட்டுக்கு இதைவிடப் பெரிய கண்டனம் வேண்டியதில்லை என்றும் போஸ்ட் அதே நூலில் எழுதினார். நாகரிக விதிகளை வகுத்தவரே அவ்விதி யாரை வருத்துகிறது என்பதையும் பதிவுசெய்தது, இந்த வழக்கத்தின் வரலாற்றில் மிக நேர்மையான பக்கம். அதன் பின் 1934இல் மணமகள்களுக்கென்றே தனி இதழ் தொடங்கப்பட்டது. துறைவாரிக் கடைகளில் திருமணப் பிரிவுகள் பெருகின. திருமணத்துக்கு முன்பே பரிசளிப்பு விருந்து, தோழியர் மட்டும் செல்லும் பயணம் என்று சடங்குகள் கூடக்கூட, அவற்றை நடத்தும் பொறுப்பு பெரும்பாலும் தோழிகளுள் முதல்வியாக மணமகள் தேர்ந்தெடுக்கும் முதன்மைத் தோழியின் தலையில் விழுந்தது. பல தோழிகளுள் ஒருத்தியை மட்டும் ஊரறிய உயர்த்தும் அந்தத் தேர்வே போட்டிக்கு விதை ஊன்றியது.

கிறிஸ்டன் விக்கும் ஆனி முமோலோவும் எழுதி, பால் ஃபீக் இயக்கிய 'பிரைட்ஸ்மெய்ட்ஸ்' படத்தில் அந்த விதை முளைக்கிறது. மில்வாக்கி நகரில் நடத்திய கேக் கடையைப் பொருளாதார மந்தத்தில் இழந்த ஆனி, பால்ய தோழி லிலியனின் முதன்மைத் தோழியாகிறாள். லிலியனுக்குப் புதிதாக அறிமுகமான செல்வப் பெண் ஹெலன் அந்த இடத்துக்குப் போட்டியாக வருகிறாள். நிச்சயதார்த்த விருந்தில் ஒலிவாங்கியை மாற்றி மாற்றிப் பிடுங்கி இருவரும் லிலியனைப் புகழும் காட்சியில், நட்பின் ஆழத்தை ஊரார் முன் அளந்துகாட்ட வேண்டிய நிலைக்கு இருவரும் தள்ளப்படுவது சிரிப்பினூடே வலிக்கிறது. லாஸ் வேகஸ் செல்லும் விமானத்தில் மற்றவர்கள் முதல் வகுப்பில் அமர, ஹெலன் தர முன்வந்த கட்டணத்தை ஏற்க மறுத்த ஆனி சாதாரண வகுப்பில் அமர்கிறாள். அங்கே அவள் செய்யும் ரகளையால் விமானம் வழியிலேயே தரையிறங்க, பயணம் பாழாகிறது. 1922இல் ஒதுங்கிக்கொண்ட பெண்களுக்கும் ஆனிக்கும் உள்ள வேறுபாடு, அவளால் ஒதுங்க முடியாமற்போனதே. மறுத்தால் தோழியை இழப்பாள், ஏற்றால் தன்மானத்தை இழப்பாள்.

பெண்களை மையமாகக் கொண்ட நகைச்சுவை வசூலாகாது என்ற ஹாலிவுட்டின் நெடுநாள் நம்பிக்கையைச் சுமார் 3.25 கோடி டாலரில் எடுக்கப்பட்ட இப்படம், உலகெங்கும் ஏறத்தாழ 28.8 கோடி டாலர் ஈட்டி அசைத்தது. அதன் திரைக்கதையும் மெலிசா மெக்கார்த்தியின் துணை நடிப்பும் ஆஸ்கர் பரிந்துரை பெற்றன. எனினும் படத்தின் முடிவில் ஒரு தயக்கம் இருக்கிறது. திருமண நாளில் தன் வீட்டில் ஒளிந்துகொண்ட லிலியனை ஆனி தேடிச் சென்று தேற்றி உடுத்திவிடுகிறாள். ஹெலனின் தனிமையும் வெளிப்பட்டு, அவள் பகைவி என்ற நிலையிலிருந்து மனுஷியாகிறாள். ஆனால் எல்லோரும் சமாதானமாகிக் கூடும் அந்தத் திருமணம் ஹெலன் திட்டமிட்ட அதே பகட்டுத் திருமணம்தான். உடைக்கும் பயணத்துக்கும் விருந்துக்கும் தோழிகள் ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்று ஆனியின் தவிப்பு எழுப்பிய கேள்வியைப் படம் கடைசிப் பாட்டின் ஆரவாரத்துக்குள் விட்டுவிடுகிறது.