அபராதம் வங்கிக்கு, இழப்பு திருப்பூருக்கு

திருப்பூரில் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் இரண்டு பணக் கதைகள் நடந்தன. ஒன்று எல்லோருக்கும் தெரிந்த பாசி மோசடி. அந்நியச் செலாவணி வர்த்தகத்தில் லாபம் தருவதாகச் சொல்லி சுமார் 930 கோடி ரூபாயைச் சுருட்டிய நிறுவனம் அது. சிபிஐ விசாரித்தது. 2022 ஆகஸ்டில் கோவை சிறப்பு நீதிமன்றம் இரண்டு இயக்குநர்களுக்கு 27 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

இரண்டாவது கதையை அதிகம் பேர் பேசுவதில்லை. அதுவும் அந்நியச் செலாவணிக் கதைதான். ஆனால் அதில் விற்றவர்கள் உரிமம் பெற்ற வங்கிகள்.

2007 தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 44 ரூபாய். அந்த ஆண்டு முடிவதற்குள் 39 ரூபாய்க்கு வந்துவிட்டது. ஒரு லட்சம் டாலர் ஆர்டருக்கு 44 லட்சம் வரும் என்று கணக்குப் போட்ட பனியன் கம்பெனிக்கு 39 லட்சம்தான் கைக்கு வந்தது. இந்தப் பயத்தில்தான் வங்கி அதிகாரிகள் 'டெரிவேட்டிவ்' ஒப்பந்தங்களோடு கம்பெனிப் படி ஏறினார்கள். முன்பணம் வேண்டாம், கையெழுத்துப் போதும். டாலருக்கும் சுவிஸ் பிராங்குக்கும், டாலருக்கும் ஜப்பான் யென்னுக்கும் இடையிலான விலை ஓர் எல்லையைத் தாண்டாவிட்டால் கம்பெனிக்குச் சிறு லாபம். தாண்டினால் வரும் நஷ்டத்துக்கு எல்லையே இல்லை. அமெரிக்காவுக்கு டி-சர்ட் அனுப்புகிற கம்பெனிக்கு சுவிஸ் பிராங்கில் என்ன வேலை? 2008 மார்ச்சில், வரலாற்றில் முதல் முறையாக, ஒரு டாலர் ஒரு பிராங்குக்கும் கீழே போனது. பாதுகாப்பு என்று வாங்கியது கடனாகத் திரும்பி வந்தது.

பேராசையில் கையெழுத்திட்ட முதலாளிகளும் உண்டு. ஆனால் வாங்குபவருக்கு இது பொருந்துமா, அதன் ஆபத்து அவருக்குப் புரிகிறதா என்று பார்ப்பது வங்கியின் கடமை என 2007 ஏப்ரலிலேயே ரிசர்வ் வங்கி விதி வகுத்திருந்தது.

வழக்குகள் வந்தன. கோவையைச் சேர்ந்த ராஜஸ்ரீ சுகர்ஸ், ஆக்சிஸ் வங்கிக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், இந்த ஒப்பந்தம் சூதாட்டம் அல்ல, செல்லும் என்று 2008 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2011 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, டெரிவேட்டிவ் விதிகளை மீறியதற்காக 19 வங்கிகளுக்கு அபராதம் விதித்தது. ஒரு வங்கிக்கு 5 முதல் 15 லட்சம் ரூபாய். எல்லாவற்றையும் கூட்டினாலும் மூன்று கோடியைத் தொடாது. அந்த அபராதமும் வங்கியின் பெயரில் விழுந்ததே தவிர, விற்ற அதிகாரியின் பெயரிலோ, இலக்கு வைத்து விற்கச் சொன்ன மேலதிகாரியின் பெயரிலோ விழவில்லை.

இது முதலாளிக்கும் வங்கிக்கும் இடையிலான தகராறு, நமக்கென்ன என்று கேட்கலாம். நஷ்டப்பட்ட கம்பெனி எதில் மிச்சம் பிடிக்கும்? நூல் விலை அதன் கையில் இல்லை. ஆர்டர் விலையை வெளிநாட்டு பையர் முடிவு செய்கிறார். மிஞ்சுவது பீஸ் ரேட், ஓவர்டைம், சனிக்கிழமைச் சம்பளம். கவுண்டர் தோட்டங்களிலும், அட்வான்ஸ் கொடுத்துக் கட்டிப்போடும் விசைத்தறிகளிலும் இருந்து விடுபட பனியன் வேலைக்கு வந்தவர்கள் நம் மக்கள். நிலமோ சேமிப்போ இல்லாத அருந்ததியர் குடும்பத்துக்கு ஒரு வாரச் சம்பளம் நின்றாலே வட்டிக்காரர் வாசலுக்கு வந்துவிடுவார். ஆனால் எந்த ஒப்பந்தத்திலும் கைமடிக்கும் பெண்ணின் கையெழுத்து இல்லை. அதனால் உரிமையியல் வழக்கில் அவர் தரப்பே கிடையாது. முதலாளியும் வங்கியும் சமரசம் செய்துகொண்டால் கோப்பு மூடப்படும். குற்றவியல் வழக்கு அப்படியல்ல. அதில் அரசுதான் வழக்காடுகிறது. குற்றம் சமூகத்துக்கு எதிரானது என்பதுதான் அதன் அடிப்படை.

சட்டமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தனியார் வங்கி அதிகாரிகளும் ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி பொது ஊழியர்களே என்று குளோபல் டிரஸ்ட் வங்கி வழக்கில் 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஐஸ்லாந்து என்ற சின்னஞ்சிறு நாடு, 2008 சரிவுக்குப் பிறகு இதற்கென்றே தனி அரசு வழக்கறிஞரை நியமித்து, கௌப்திங் வங்கியின் முன்னாள் தலைமை அதிகாரியையே சிறைக்கு அனுப்பியது.

இந்தப் பாடம் தலித் இயக்கத்துக்குப் புதிதல்ல. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் எஸ்சி, எஸ்டி அல்லாத பொது ஊழியரைத் தனிநபராகவே தண்டிக்கச் சொல்கிறது. 2015 திருத்தம் அந்தக் கடமைகளை ஒவ்வொன்றாக எழுதிவைத்தது. 'காவல்துறை தவறியது' என்று சொன்னால் யாரும் தவறவில்லை என்றுதான் பொருள். எந்த ஆய்வாளர் எஃப்ஐஆர் பதிய மறுத்தார் என்று கேட்டால்தான் வழக்கு நகரும். வங்கிக்கும் இதே கேள்விதான்.

இன்று மைக்ரோபைனான்ஸ் கடன் நம் தெருக்களுக்கு வந்திருக்கிறது. திருப்பிக் கட்டச் சக்தி உண்டா என்று பார்க்காமல் கடனைத் திணித்தால், நிறுவனத்தின் பெயரோடு நின்றுவிடாதீர்கள். யார் விற்றார், யார் ஒப்புதல் தந்தார், எந்தத் தேதியில் என்று எழுதி வாங்குங்கள். அபராதத்தை நிறுவனம் கட்டிவிடும். சிறைக்கு ஒரு மனிதர்தான் போக முடியும்.