வேர் வரவில்லை, வாசனை வந்தது

ஐரிஸ் செடி விருதுநகர்ப் பக்கம் வந்ததே இல்லை. நல்ல குளிர்காலம் கேட்கிற செடி அது; கரிசலும் கந்தக வெயிலும் அதற்கு ஒத்துவராது. ஆனால் பங்குனிப் பொங்கலன்று பராசக்தி மாரியம்மன் கோயில் கூட்டத்துக்குள் நுழைந்தால், மல்லிகைக்கும் சந்தனத்துக்கும் அடியில் மெல்லிசாக ஒரு பவுடர் வாசனை ஓடிக்கொண்டிருக்கும். அதன் பூர்வீகத்தைத் தேடினால் இத்தாலியில் போய் நிற்போம்.

அங்கே டஸ்கனி மலைச்சரிவுகளில் ஐரிஸைப் பயிரிடுவது பூவுக்காக அல்ல, கிழங்குக்காக. மூன்று வருடம் போல வளரவிட்டுத் தோண்டுவார்கள். தோல் சீவிக் காயவைத்து, இன்னும் மூன்று வருடம் போல மூட்டையில் போட்டு வைப்பார்கள். புதுக் கிழங்கை முகர்ந்தால் சொல்லும்படி ஒன்றும் இருக்காது. காற்றுப் பட்டுப் பட்டுத்தான் உள்ளே ஐரோன் என்ற பொருள் ஊறும். ஆவியில் வடித்தால் வெண்ணெய்போல உறைந்து வரும். ஆறு வருடம் முதலை முடக்கி வைக்கிற சரக்கு என்ன விலை விற்கும் என்று விருதுநகர் வியாபாரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த வாசனையின் குணம் விசித்திரமானது. பூவென்றால் முழுக்கப் பூ இல்லை, இனிப்பென்றால் இனிப்பும் இல்லை. உலர்ந்த மாவு, கேரட் தோல், கொஞ்சம் மண், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு குளிர்ச்சி. மல்லிகை தெருமுனையிலேயே ஆளைப் பிடித்து நிறுத்தும். இது பக்கத்தில் வந்தால்தான் பேசும்.

ஜெர்மானிய வேதியியலர்கள் டீமனும் க்ரூகரும் வயலெட் பூவின் மணத்தைப் பிடிக்கப் புறப்பட்டார்கள். வயலெட் எண்ணெய் யானை விலை. அதே மணம் வீசும் ஐரிஸ் கிழங்கை எடுத்து ஆராய்ந்தார்கள். அப்படியே ஐரோனைச் செய்ய அவர்களால் முடியவில்லை. 1893-ல் ஒரே ஒரு கார்பன் குறைந்த அதன் தம்பி அகப்பட்டான்: அயனோன். சிட்ராலை அசிட்டோனோடு சேர்த்து, பிறகு அமிலத்தில் வேகவிட்டால் போதும். ஆறு வருடக் காத்திருப்பு அத்தோடு தீர்ந்தது.

சிட்ராலுக்கு எங்கே போவது? எலுமிச்சம்புல் எண்ணெயில் முக்கால் பங்கு அதுதான். சுக்குநாறிப்புல் என்றும் சொல்கிற அந்தப் புல்லுக்குத் திருநெல்வேலி, திருவிதாங்கூர் மலைச்சரிவுகளையே தாய்வீடாகப் பழைய தாவரநூல்கள் குறித்தன. 1910-ல் ராமநாதபுரம் மாவட்டம் பிரியும்வரை நம் சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி எல்லாம் திருநெல்வேலிச் சீமைதான். புல் தைலம் கொச்சித் துறைமுகத்தில் கப்பல் ஏறியது. ஐரோப்பாவில் அயனோன் ஆனது. பிறகு ராஜஸ்தான் மாக்கல்லை அரைத்த டால்க் தூளில் கலந்து, டப்பாவில் அடைபட்டு, நம் வளையல் கடைகளுக்கு வந்து சேர்ந்தது. நாம் அனுப்பிய புல்லுக்கு அவர்கள் பூசிவிட்ட வேஷம் என்றுதான் எனக்குப் படுகிறது.

சிவகாசிக்கு இந்த மாதிரிப் பயணம் புதிதல்ல. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த ஊர் இது. பட்டாசு ஆலையில் அலுமினியப் பவுடர் அப்பிய கை வெள்ளியாக மினுங்கும். கந்தக நெடி துணியோடு வீட்டுக்கு வரும். சோப்புப் போட்டு அதைக் கழுவித் தள்ளிய முகத்தில் ஏறுவது இந்த இன்னொரு பவுடர். அயனோனுக்கு மூக்கு சீக்கிரம் பழகிவிடும். பூசியவருக்கே கொஞ்ச நேரத்தில் தெரியாது. சிலர் முகம் வெளுக்க அப்பிக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ.

புல்லின் கதை பவுடரோடு நிற்கவில்லை. 1947-ல் சுவிட்சர்லாந்தின் ரோஷ் நிறுவனத்தில் ஓட்டோ இஸ்லர் பீட்டா அயனோனிலிருந்து வைட்டமின் ஏ செய்துகாட்டினார். தொழிற்சாலையிலேயே வைட்டமின் ஏ தயாரிக்க அதுவே வழி திறந்தது. குழந்தைகளுக்குச் சொட்டு சொட்டாகப் புகட்டுகிற அந்த மருந்தும் முகப்பவுடர் வாசனையும் ஒரே குடும்பம். பின்னாளில் பெட்ரோலியப் பொருள்களிலிருந்தே சிட்ரால் மலிவாகக் கிடைத்தது. கொச்சி எண்ணெய்க்கு இருந்த கிராக்கி இறங்கிவிட்டது.

பாரிஸின் கெர்லான் 1912-ல் விற்பனைக்கு விட்ட 'லூர் ப்ளூ' முதல் இன்றைய ஐரிஸ் சென்ட்டுகள் வரை பல ஆயிரம் ரூபாய்க் குப்பிகள் இருக்கின்றன. துபாயிலிருந்து வரும் மகன் அப்படியொன்றை நீட்டினால், அம்மா முகர்ந்துவிட்டு "பவுடர் வாசமால்ல இருக்கு" என்பாள். அவனுக்கு முகம் சுருங்கும். சுருங்க வேண்டாம், விலை உயர்ந்த குப்பிகளிலும் கிழங்கு வெண்ணெய்க்குத் துணையாக அயனோனையே தாராளமாக ஊற்றுகிறார்கள்.